எதில் கலக்குகிறீர்கள்?

ஜிம்மில் சேர்ந்து ஒரு வாரம் ஆவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "மாஸ்டர், பவுடர் எப்பக் குடிக்கணும்? ஒர்க்அவுட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" உடம்பைக் குறைக்க வந்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். "எதுல கலக்கிக் குடிக்கிறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

வே புரோட்டீன் ஒரு ஸ்கூப் ஏறக்குறைய 30 கிராம். நல்ல பவுடர் என்றால் அதில் 24 கிராம் வரை புரதம் இருக்கும். கலோரி 120 போல வரும். தண்ணீரில் கலக்கிக் குடித்தால் கணக்கு அதோடு முடிந்தது. ஆனால் வீட்டு மிக்ஸியில் நடப்பதே வேறு. ஒரு பெரிய டம்ளர் பால், வாழைப்பழம், ஒரு ஸ்பூன் பீநட் பட்டர், நாலு பேரீச்சை, போதாததற்குத் தேன். ஸ்கூப்பும் கோபுரமாகக் குவிந்திருக்கும். எல்லாம் சேர்த்தால் 600 கலோரியைத் தொடும். 70 கிலோ ஆள் ட்ரெட்மில்லில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் 300 கலோரி செலவாவதே பெரிது. பிறகு, "ஷேக் குடிச்சும் வெயிட் இறங்கலையே மாஸ்டர்!"

இன்னொரு கூத்து மாஸ் கெய்னர். டப்பா பெரிசு, விலை மலிவு என்று தூக்கி வந்துவிடுவார்கள். பின்பக்க லேபிளில் எந்தப் பொருள் அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். பல கெய்னர்களில் அந்த இடத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துதான் இருக்கிறது. ஒல்லிப் பையன்கள் சதை போடக் குடிப்பது அது.

அப்படியானால் புரதமே வேண்டாமா? வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். வெயிட் தூக்குவதும் போதிய புரதமும்தான் அதைத் தடுக்கின்றன. பசியும் சற்று அடங்கும். சாதாரண ஆளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டு ஐசிஎம்ஆர் கணக்கு. பளு தூக்கி எடை குறைப்பவருக்கு 1.6 வரை நான் வைத்துக்கொள்வேன். 70 கிலோ ஆளுக்கு அது 112 கிராம். மூணு இட்லி, சட்னியில் ஆறேழு கிராம் கிடைத்தால் உண்டு. அங்கேதான் இடிக்கிறது.

அந்த இடைவெளியைப் பவுடர்தான் நிரப்பவேண்டும் என்றில்லை. வேகவைக்காத மீல் மேக்கர் 50 கிராமில் ஒரு ஸ்கூப் அளவு புரதம் இருக்கிறது. நாலு முட்டையிலும் அதேதான். முட்டை சாப்பிடாதவர், காலையில் சமைக்க நேரமில்லாதவர், இவர்களுக்கு ஷேக் நிஜமாகவே உதவும். முன்னாடியா பின்னாடியா என்பதற்கு நான் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. நாள் முழுவதும் சேர்ந்து எவ்வளவு என்பதுதான் கணக்கு. வயிறு உப்பினால் லாக்டோஸ் குறைவான ஐசொலேட் வகைப் பவுடருக்கு மாறிப் பார்க்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் டப்பாவையே திறக்கக் கூடாது.

வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஷேக்கரைக் காட்டி, "இதைக் குடிச்சா போதும்ல?" என்றார். "சாயங்காலம் என்னக்கா சாப்பிடுறீங்க?" என்றேன். ஆபீஸ் வாசல் பஜ்ஜி, டீ. அந்த நேரத்துக்கு ஒரு ஸ்கூப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னேன். டீயை மட்டும் விடமாட்டேன் என்றுவிட்டார். சர்க்கரையை அரை ஸ்பூனாக்கச் சம்மதித்தார்.