எந்தப் பக்கத்து யன்னல்?

திருக்கோணமலையை வானிலிருந்து காண விழைவோர்க்கு யன்னலோர ஆசனம் மட்டும் போதாது. எந்தப் பக்கத்து யன்னல் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

சீனக்குடா விமானத்தளத்தின் ஓடுபாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கின்றது. விமானமோ பெரும்பாலும் காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே, வாடைக் காலத்தில் தம்பலகாமப் பக்கமிருந்து இறங்குகையில் வலப்புறத்தார்க்கு அக்குடாவின் நீர்ப்பரப்புப் புலனாகும். கச்சான் காலத்திலோ விமானம் கடல்வரை சென்று திரும்பித் துறைமுகத்தின் மேலாக இறங்கும்.

இவற்றையெல்லாம் கணக்கிட்டு, ஆடி மாதமொன்றில், கொழும்புப் பக்கமிருந்து புறப்பட்ட சிறு விமானத்தில் இடப்புற யன்னலைப் பிடித்துக்கொண்டோம். அருகில் ஒரு மூதாட்டியார். 1990இல் ஊரைவிட்டுப் பெயர்ந்தவர். அதன்பின் இதுவே முதல் வருகையாம்.

கீழே நீலத் துறைமுகம் விரிந்தது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் அது. விமானம் இடப்புறம் சாய்ந்து திரும்பிற்று.

"கோயில் தெரியுதோ, பிள்ளை?" என்றார் மூதாட்டியார்.

நாம் ஆசனத்தோடு ஒட்டிச் சாய்ந்து, அவர் பார்வைக்கு வழிவிட்டோம். சுவாமி மலையையும் கோணேசர் கோயிலையும் அவர் கண்டார். நாம் கண்டது அவருடைய கூப்பிய கரங்களையே.

அன்று யன்னலைச் சரியாகவே தேர்ந்திருந்தோம்.