ஆஸ்பின்வால் கிடங்கில் கேமரன் மலைக்காரர்கள்

2 பிப்ரவரி 2019, சனி. தானா ராத்தா, கேமரன் மலை, மலேசியா

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வெளியூர்க் கார்கள் வரிசைகட்டி மலையேறிக்கொண்டிருந்தன. எங்கள் வேன் மட்டும் எதிர்த்திசையில் தாப்பாவை நோக்கி இறங்கியது. கொச்சியில் நடக்கும் பினாலே கலைவிழாவுக்குக் குழுப் பயணம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், அவர் மனைவி, என்னோடு வேலை செய்யும் இரண்டு இளம் ஆசிரியைகள், ரிங்லெட் பக்கம் காய்கறி போடும் அண்ணன் ஒருவர், பிறகு என் அத்தை. ஆயுளில் பாதியைக் கொழுந்துக் கூடையோடு கழித்தவர். குருவாயூர் தரிசனம் உண்டு என்று ஆசை காட்டித்தான் அவரைக் கிளப்பினேன்.

வேனில் பயணத் திட்டத்தைப் பிரித்துப் படித்தபோது சிரிப்பு அடங்கவில்லை. ஒரு முழுநாள் மூணாறு: தேயிலைத் தோட்டம் காண்பது, தொழிற்சாலை காண்பது, தேநீர் அருந்துவது. "விமானம் ஏறிப் போயி அங்கயும் தேயிலையா?" என்றார் அத்தை. மூணாற்றை அடித்துவிட்டு, அந்த நாளையும் ஃபோர்ட் கொச்சிக்கே கொடுத்துவிடச் சொன்னோம். கலைமேல் காதல் என்று சொல்ல மாட்டேன். தேயிலை போதும் என்பதுதான் காரணம்.

3 பிப்ரவரி, ஞாயிறு. ஃபோர்ட் கொச்சி

பசியாறிவிட்டு நேரே ஆஸ்பின்வால் மாளிகை. கடலைப் பார்த்த பழைய வணிக வளாகம். ஜான் ஆஸ்பின்வால் 1867-இல் தொடங்கிய நிறுவனத்துடையது. தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, கயிறு, காப்பி என்று கப்பலேற்றி, பிறகு தேயிலையும் ரப்பரும் விற்றவர்கள். தலைமையாசிரியர் பலகையைப் படித்துவிட்டு, "மூணாறைத் தவிர்த்தோம், தேயிலை இங்க வந்து காத்திருக்கு" என்றார்.

விழாவை 12.12.2012 அன்று தொடங்கியவர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு கலைஞர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, இது நான்காவது. பெயரில் கொச்சியோடு முசிறியும் சேர்ந்திருக்கிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போன அதே முசிறி. 1341-இல் பெரியாற்று வெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்து, கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். இம்முறை விழாவை அமைத்திருப்பவர் அனிதா துபே. இப்பொறுப்பை ஏற்ற முதல் பெண். அந்நியப்படாத ஒரு வாழ்வு சாத்தியமா என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு அந்நியமாகத்தான் போனது. வீடியோ ஓடும் இருட்டறைகளில் தலைமையாசிரியரின் மனைவி உட்கார இடம் தேடினார். சில்பா குப்தாவின் அறையில் நூறு ஒலிவாங்கிகள் தொங்கின. எழுதியதற்காகச் சிறைபட்ட நூறு கவிஞர்களின் வரிகள் அவற்றிலிருந்து பல மொழிகளில் மாறி மாறி எழுந்தன. இளம் ஆசிரியைகள் அங்கிருந்து நகர மறுத்தார்கள்.

காய்கறிக்கார அண்ணன் நின்றது வேறோர் அறையில். குளிர்பதனப் பெட்டி, நாற்காலி, புத்தகங்கள், வீட்டுச் சாமான்கள் எல்லாம் அந்தரத்தில் தொங்குகின்றன. கடந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்து வீடுகளில் நாசமான பொருள்கள். செய்தவர் வங்கதேசத்துக் கலைஞர் மார்சியா ஃபர்ஹானா. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு எங்கள் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு புகுந்த இரவு அண்ணன் அங்கே இருந்தவர். சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழிருந்து பார்த்தார். "தண்ணி வடிஞ்சப்புறம் எல்லாம் தரையில கவுந்து கிடக்கும். இந்தம்மா மிதந்த உயரத்துல கட்டி வச்சிருக்கு" என்றார். எங்களுக்கு வழிகாட்ட வந்த கலைக்கல்லூரி மாணவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

4 பிப்ரவரி, திங்கள்

இன்றைக்கு ஒரு சண்டை.

தென்னாப்பிரிக்காவின் சூ வில்லியம்சன் செய்த படைப்பு. கயிறுகளில் பருத்திச் சட்டைகளும் துணிகளும் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் ஒரு பெயர், வயது, பிறந்த இடம், விற்றவர், வாங்கியவர், விலை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் கேப்டவுனில் விற்கப்பட்ட மனிதர்களின் 119 விற்பனைப் பத்திரங்களிலிருந்து எடுத்த விவரங்கள். துணியை இந்தியாவில் வாங்கி, பெயர்களை எழுதி, கேப்டவுனுக்கு அனுப்பி, கம்பெனி கட்டிய கோட்டையின் சேற்று நீரில் முக்கி உலர்த்தி, மறுபடி இங்கே கொண்டுவந்திருக்கிறார். அந்த மனிதர்கள் போன வழியில் துணி போய்த் திரும்பியிருக்கிறது. மனிதர்கள் திரும்பவில்லை.

பெயர்களைப் படித்தால் யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாது. பிடித்தவர்கள் சூட்டிய பெயருக்குப் பின்னால் மலபார், வங்காளம் என்று ஊர் ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு மாதத்தின் பெயரையே வைத்தார்களாம்.

தலைமையாசிரியர் தழுதழுத்துவிட்டார். "நம்ம தாத்தாமாரும் இதே கதைதான். நாகப்பட்டினத்துல கப்பலேத்தி, பினாங்குல இறக்கி, அடிமையா வித்தாங்க."

அத்தைக்குச் சுருக்கென்று கோபம். "எங்கப்பாவை யாரும் விக்கல சார். கங்காணிகிட்ட கடன் வாங்கிக்கிட்டு வந்தாரு. கடனை அடைச்சாரு. ஒருதரம் ஊருக்கும் போயிட்டு வந்தாரு. அவரை இந்தக் கொடியில மாட்டாதீங்க."

மாணவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. இந்திய அரசு 1938-இல் தடைபோடும்வரை கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள்கட்டினார்கள். 1929-இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர், சிலோனில் தேயிலை பழகிய மில்னைச் சேர்த்துக்கொண்டு எங்கள் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் திறந்தபோது மலாயாவில் அடிமைச் சந்தை இல்லை. ஆனால் கடன் இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு நாள்தோறும் ஒரு சிறு தொகை உண்டு. அது ஆளின் விலை இல்லை. ஆனாலும் ஆளை எண்ணிக் கிடைத்த காசு.

சார் சொன்னதில் ஒரு சோம்பேறித்தனம் இருந்ததாக இப்போது எழுதும்போது படுகிறது. 'நாமும் இப்படித்தான்' என்றதும் சட்டையிலுள்ள எழுத்தைப் படிக்கும் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கலைஞரோ பொதுவாக ஒரு துயரத்தைத் தொங்கவிடவில்லை. இன்னார், இத்தனை வயது, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, இவ்வளவுக்கு என்று ஆளாளாகப் பிரித்திருக்கிறார். அத்தை கேட்டதும் அதைத்தான். தன் அப்பாவுக்குத் தனியாக ஒரு சட்டை, சரியான விவரத்தோடு. குழுவிலேயே அந்தப் படைப்பைப் பிசகில்லாமல் புரிந்துகொண்டவர், குருவாயூருக்காக வந்த அவர்தான்.

5 பிப்ரவரி, செவ்வாய்

விழாவின் இன்னோர் இடமான கப்ரால் யார்டில் சமைத்துப் போடுவதும் ஒரு படைப்பு. பல வட்டாரங்களின் நாட்டு நெல் வகைகளை வடித்துப் பரிமாறுகிறார்கள். "சோறாக்கினா கலைஞரா? அப்ப எனக்குப் பட்டம் குடுங்க" என்றார் சாரின் மனைவி. விழாவின் இன்னொரு படைப்பான விபின் தனுர்தரனின் பொதுச் சமையலறைக்குப் பின்னால், சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் 1917-இல் செறாயியில் நடத்திய சாதி பாராத சமபந்தி இருக்கிறது என்று மாணவர் சொன்னதும், தோட்டத்துக் கோயில் பந்தியில் ஒரு காலத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற பேச்சு எழுந்தது. எழுந்த வேகத்தில் அமுக்கப்பட்டது. எங்கள் குழு எல்லாவற்றையும் துணிந்து பார்த்துவிட்டது என்று எழுதினால் அது பொய்.

சாயங்காலம் சீன வலைகளுக்கு முன்னால் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கினோம். வலை இழுத்தவர்கள் படத்துக்குள் வந்தபோது, ஆசிரியை ஒருத்தி அவர்கள் விலகட்டும் என்று காத்திருந்தாள்.

7 பிப்ரவரி, வியாழன். கேமரன் மலை

சாரின் ஊர்க்காரர் ஒருவருக்கு வழிகாட்ட சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். விடுமுறைக் கூட்டம் இன்னும் வடியவில்லை. பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக் கட்டிய மேடையில் படமெடுக்கும் ஜனங்கள். கீழே சரிவில் இரண்டு பேர் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டிப் போகிறார்கள். என் பக்கத்தில் நின்ற பையன் அவர்கள் நகரட்டும் என்று காத்திருந்தான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

வாட்ஸ்அப் குழுவில் சாரும் அத்தையும் இன்னும் விடவில்லை. அத்தைக்குத் தட்டச்சு வராது, குரல்பதிவாக அனுப்புகிறார். அவர் அப்பா எந்த ஊர், எந்தக் கங்காணி, கடன் எவ்வளவு என்று சார் கேட்டிருக்கிறார். ஊர் தெரிகிறது, கங்காணி பேர் தெரிகிறது, கடன் தொகை தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை.

பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கப்போகிறேன். வீட்டில் முதலில் மலையேறியவரின் பெயர், அப்போது வயது, பிறந்த ஊர், அழைத்து வந்தவர், பட்ட கடன். விற்பனைப் பத்திரத்தின் அதே கட்டங்கள். விலை இருந்த இடத்தில் மட்டும் கடன். அத்தையிடம் சொன்னேன். "இப்ப லயத்துல இருக்கிற பங்களாதேஷ் பையன்களும் ஏஜெண்டுக்குக் காசு கட்டித்தானே வந்திருக்கானுங்க, அவங்களையும் கேக்கச் சொல்லு. கேக்க ஆள் இருக்கையிலேயே கேட்டுறணும்" என்றார். பட்டியலில் அந்த வரியையும் சேர்த்துவிட்டேன்.