தோற்றவர் கையில் கல்வித்துறை



நல்ல தலைவருக்கு என்ன குணம் வேண்டும் என்று கேட்டால் நேர்மை, துணிவு, பேச்சாற்றல் என்று ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் பட்டியல் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். ஜெயித்த மறுநாள், தன்னை எதிர்த்தவரை என்ன செய்வது என்று அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

1954-ல் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்து ராஜாஜி பதவி விலகினார். அடுத்த தலைவர் யார் என்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள் போட்டி. ஒரு பக்கம் காமராஜர். எதிர்த்து நின்றவர் நம்ம பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி.சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் ஜெயித்தார். மந்திரிசபை அவரையும் சேர்த்து எட்டே பேர். அந்த எட்டில் எதிர்த்து நின்றவரும் இருந்தார், முன்மொழிந்தவரும் இருந்தார். சி.எஸ். கையில் நிதி, கல்வி இரண்டும்! ஒப்புக்குக் கொடுத்த இலாகா இல்லைங்க அது.

காமராஜரின் பெருந்தன்மை என்று எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு சி.எஸ். மேலும் அதே அளவு மரியாதை உண்டு. தோற்கடித்தவர் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து வேலை பார்க்க எவ்வளவு மனசு வேண்டும்! நம்ம ஊர்களில் நோம்பிக் கமிட்டித் தலைவர் பதவி கிடைக்காதவர் அடுத்த வருஷம் தேர்வடம் பிடிக்கக்கூட வர மாட்டார். (சொந்தக்காரர்கள் யாரும் கோவிச்சுக்காதீங்க.) சி.எஸ்.ஸோ ராஜாஜியின் ஆள் என்று பெயர் எடுத்தவர். அந்த ராஜாஜியின் திட்டத்தைக் கைவிடுகிறோம் என்று அறிவிக்கும் வேலை, கல்வி மந்திரி என்ற முறையில் அவர் தலையில்தான் விழுந்தது. அதையும் செய்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அனுபவித்தே வளர்ந்தவள். 1956-ல் மதிய உணவு விரிவானது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பெஞ்சும் கரும்பலகையும் மணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் படித்த ஆரம்பப் பள்ளி பெஞ்சில் கொடுத்தவர் பெயர் பெயிண்ட்டில் எழுதியிருக்கும். புத்தகத்துக்கு முன்னால் நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தப் பெயரைத்தான்.

சி.எஸ். பிறகு டெல்லி போனார். 1964-ல் உணவு, விவசாய மந்திரி. பலத்த எதிர்ப்புக்கு நடுவில் 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைத்தார். 1967 தேர்தலில் நம்ம கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். மறுவருஷமே கோதுமை விளைச்சல் புதிய உச்சம், அதற்கு அரசு தபால்தலையே வெளியிட்டது. அப்போது மந்திரி நாற்காலியில் வேறொருவர். 1998-ல்தான் பாரத ரத்னா வந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. என் பழைய மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம், ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆகியிருக்கிறாள். அந்த இடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தவர் அதே பள்ளியில் இருக்கிறார். "டீச்சர், என் முகத்தைப் பார்த்துக்கூடப் பேச மாட்டேங்கறாருங்க. எப்படியாவது அவரை வேற ஸ்கூலுக்கு மாத்திட்டா நிம்மதிங்க" என்றாள்.

"கால அட்டவணை போடறதை முழுசா அவர்கிட்டக் கொடு கண்ணு. அவர் போட்டுக்கொண்டு வந்ததை நீ பென்சில் எடுத்துத் திருத்தாதே. இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வந்தா, போட்டது அவர்தான்னு அவர் முன்னாடியே சொல்லு" என்றேன்.

"அப்பவும் அவர் மாறலைன்னா?"

"அட்டவணை நல்லா அமைஞ்சிருக்குமே."

சிரித்தாள். யோசிக்கிறேன் டீச்சர் என்று வைத்துவிட்டாள். இன்னும் போன் வரவில்லை.