காரீயமும் வெள்ளீயமும்

எங்கள் வீட்டுக் கார்க் கொட்டகையின் மூலையில் ஒரு சிறு மின்னடுப்பு இருக்கிறது. ரொட்டி வாட்டுவதற்கென்று செய்யப்பட்டது. தெருக்கோடியில் ஒருவர் வேண்டாத பொருள்களை வாசலில் பரப்பி விற்றபோது 10 டாலருக்கு வாங்கினோம். அதன் நெற்றியில் 'இதில் உணவு வைக்கலாகாது' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். பென்சில்வேனியாவின் இந்தச் சிற்றூரில் அவ்வெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. ஆகவே அது எங்களுக்கு நாங்களே விடுத்துக்கொண்ட எச்சரிக்கை. அதை ஒருநாளும் மீறியதில்லை என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

அந்த அடுப்பில் நாங்கள் சுட்டவை துப்பாக்கிக் குண்டுகள்.

முகம் சுளிக்கும் வாசகர்களைப் புரிந்துகொள்கிறோம். எங்களில் ஒருவர் இன்றளவும் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறார். மற்றவருக்கோ ஞாயிறு காலைகளில் காகித இலக்கைப் பார்த்துச் சுடுவதில் ஒரு தியான சுகம். யார் எவர் என்பதை வெளியிடுவதில்லை என்று இதை எழுதத் தொடங்குமுன் உடன்படிக்கை செய்துகொண்டோம். (நண்பர்கள் ஊகிப்பார்கள். பெரும்பாலும் தவறாகவே ஊகிப்பார்கள்.)

தொடக்கம் 2020ஆம் ஆண்டு. அந்த ஆண்டு அமெரிக்கக் கடைகளில் கழிவறைக் காகிதத்தோடு தோட்டாக்களும் காணாமற் போயின. பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் கவலையற்றிருந்தார். அவர் தோட்டா வாங்கியே பல்லாண்டுகள் ஆகியிருந்தன. தாமே செய்துகொண்டார். இந்நாட்டில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. 'குளிர்காலத்தில் வந்து பாருங்கள்' என்றார். போனோம்.

இங்கே சொற்களைச் சற்றே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. குண்டு என்பது பறந்து செல்லும் உலோகம் மட்டும். பித்தளைக் கூடு, அதன் அடியில் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு என நான்கும் கூடியதே தோட்டா. சுட்டபின் கூடு எஞ்சுகிறது. அதையே மீண்டும் மீண்டும் நிரப்பலாம். குண்டை வாங்கலாம், அல்லது காரீயத்தை உருக்கி வார்த்துக்கொள்ளலாம்.

பெரியவரின் காரீயத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. இளமையில் அவர் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் லைனோடைப் இயந்திரம் இயக்கியவர். ஒட்மார் மெர்கன்தாலர் உருவாக்கி, 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் முதன்முதலாகப் பணிக்கு வந்த இயந்திரம் அது. விசைப்பலகையில் தட்டத் தட்ட எழுத்தச்சுகள் வரிசையில் வந்து நிற்கும். உருகிய உலோகம் அவற்றின் மேல் பாய்ந்து, ஒரு முழு வரி ஒரே கட்டியாக வார்க்கப்பட்டு வெளியே விழும். நியூயார்க் டைம்ஸ் இம்முறையில் கடைசியாக அச்சானது 1978 ஜூலை 2ஆம் நாள் இதழ். பெரியவரின் செய்தித்தாள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒளியச்சுக்கு மாறிவிட்டது. பழைய உலோகத்தை எடைக்குப் போட்டபோது, வேலையிழந்தவர் அதில் தம்மால் தூக்க முடிந்த மட்டும் வாங்கி வந்துவிட்டார்.

லைனோ உலோகத்தில் ஏறத்தாழ 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். ஆன்டிமனி கடினம் தரும். வெள்ளீயம் உருகிய உலோகத்தை அச்சின் நுண்ணிய மூலைகள் வரை ஓடச்செய்யும். எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழ எது வேண்டுமோ அதுவேதான் குண்டின் விளிம்புக்கும் வேண்டியிருக்கிறது. அதனால் குண்டு வார்ப்போரிடையே பழைய அச்சு உலோகத்துக்குத் தனி மதிப்பு. அது அப்படியே மிகக் கடினமாகையால், பெரியவர் மென்மையான காரீயத்தோடு கலந்து நீட்டித்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கும் ஒரு சாக்கு கொடுத்தார். பெரும்பாலும் உருக்கிய கட்டிகள்; அடியில் உருக்கப்படாத வரிகள் சில. எழுத்துகள் இடவலம் மாறி நிற்க, குளியலறைக் கண்ணாடியில் காட்டி வாசித்தோம். ஒன்றில் உருளைக்கிழங்கு விலை. இன்னொன்றில் யாரோ ஒருவரின் மரண அறிவிப்பின் கடைசி வரி: அவருக்கு இரண்டு மகள்கள் என்று. சுளிப்பவர், 'இதை எப்படி உருக்குவது?' என்றார். பிரியப்படுபவருக்கும் கை வரவில்லை. பெரியவரிடம் சொன்னபோது சிரித்தார். காலையில் வார்த்த வரி மறுநாள் இரவுக்குள் கொப்பரைக்குத் திரும்பிவிடும், நாங்கள் தினமும் ஊரையே உருக்கினோம் என்றார். அச்சகத்தில் யாரும் அதற்காகக் கண்ணீர் விட்டதில்லையாம். ஆயினும் அந்த ஒரு வரியை எடுத்து வைத்தோம்.

வார்ப்பது எளிது, நன்றாக வார்ப்பது கடினம். காரீயம் 327 பாகையில் உருகும். கலவை அதற்கும் முன்னரே இளகும். மின்கொப்பரையை 370 பாகை அளவில் நிறுத்தி, மெழுகுத் துண்டொன்றைப் போட்டுக் கிளறினால் புகைந்து, மேலே சாம்பல் நிறக் கசடு திரளும். அதை வழித்தெடுத்தால் கீழே ஆடி போன்ற பரப்பு. அலுமினிய அச்சு குளிர்ந்திருந்தால் குண்டு சுருக்கம் விழுந்து பிறக்கும். மிகச் சூடானால் பனி பூத்தாற்போல் மங்கும். இடைப்பட்ட பதம் கைக்குத்தான் தெரியும், பாகு காய்ச்சுவோருக்குத் தெரிவதுபோல.

இனி பூச்சு. வெறும் காரீயக் குண்டு குழலுக்குள் விரையும்போது உட்சுவரில் காரீயத்தை இழுவிக்கொண்டு செல்லும். சில டஜன் தோட்டாக்களுக்குப் பின் குழலைத் தேய்த்துச் சுரண்ட வேண்டிவரும். இதைத் தடுக்கத் தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்னும் பசைப்பொருளும் சரிபாதி கலந்து குண்டின் பள்ளங்களில் அப்புவது பழைய வழக்கம். புகை கண்ணைக் கரிக்கும்; கையெல்லாம் பிசுபிசுப்பு. இப்போதைய வழக்கம், மிதிவண்டிச் சட்டத்துக்கும் சன்னல் சட்டத்துக்கும் ஆலைகளில் பூசும் அதே பாலியெஸ்டர்ப் பொடியைக் குண்டுக்கும் பூசுவது.

ஆலையில் அதற்கு மின்னழுத்தக் கருவி உண்டு. வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று பொறித்த வகையே சிறந்தது. பொம்மைத் துப்பாக்கிக்கான கறுப்புப் பிளாஸ்டிக் மணிகள் ஒரு கைப்பிடி, குண்டுகள் இரு கைப்பிடி, பொடி ஒரு கரண்டி. மூடிவிட்டு ஒரு நிமிடம் சுழற்றிக் குலுக்கினால் உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரம் பொடியைக் குண்டின்மேல் இழுத்து ஒட்டிவிடும். ஒவ்வொன்றாய் இடுக்கியால் எடுத்து, ஒட்டாத தாளின்மேல் கொலுப்படி பொம்மைகள்போல நிறுத்தி, 200 பாகையில் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். சில நிமிடங்களில் பொடி ஈரம்போல் மினுங்கும். பிறகு வழிந்து, சமனாகி, இறுகும். ஒருமுறை இறுகியபின் எத்தனை சூட்டுக்கும் அது மறுபடி உருகாது.

எங்கள் முதல் தொகுதி ஜூலை மாதத்தில். புழுக்க நாள். பொடி ஒட்டவேயில்லை, அவசரத்தில் பவுடர் பூசிய குழந்தை முகம்போலத் திட்டுத் திட்டாக நின்றது. ஈரக்காற்றில் நிலைமின்சாரம் தங்காது என்பது பிறகு தெரிந்தது. ஜனவரியில், கதவுக் குமிழைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கும் வறண்ட காற்றில், அதே பொடி வெல்வெட்டுப்போல் அப்பிக்கொண்டது. அடுப்பிலிருந்து வெளிவந்த குண்டுகள் குங்குமச் சிவப்பு. அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தோம்; நிறம் ஏறவில்லை. ஒன்றைச் சுத்தியலால் அடித்தோம். காரீயம் காசுபோல் தட்டையாயிற்று, பூச்சு அதனோடு விரிந்ததேயன்றி உதிரவில்லை. எஞ்சியவற்றை .358 அங்குல, அதாவது 9.09 மில்லிமீட்டர்த் துளைவழி அழுத்தித் தள்ளி அளவு செய்தோம். சுளிப்பவரே ஒன்றைக் கையில் எடுத்து, 'அழகாகத்தான் இருக்கிறது' என்றார். தொட்டால் கையில் கறை இல்லை. காரீயத்தைத் தொடவேயில்லை என்றே தோன்றும்.

அங்கேதான் பிழைத்தோம்.

2023இல் எங்கள் மகளுக்கு இரண்டு வயது நிறைந்தபோது வழக்கமான இரத்தச் சோதனை. விரல் நுனியில் எடுத்த துளியில் டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் காரீயம். நரம்பில் எடுத்துப் பார்த்தார்கள்: 6.9. 2021 முதல் அமெரிக்காவில் கவனிக்க வேண்டிய அளவாகக் கொள்ளப்படுவது 3.5. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பது மருத்துவர் சொல்லித்தான் தெரிய வந்தது.

செவிலியர் ஒருவர் தொலைபேசியில் கேள்விப் பட்டியல் படித்தார். ஒலிபெருக்கியில் போட்டு இருவரும் கேட்டோம். வீடு கட்டிய ஆண்டு? 1952. காரீயம் கலந்த வீட்டுச் சாயம் இங்கே 1978இல்தான் தடைசெய்யப்பட்டது, ஆகவே ஆம். ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்தூள் உண்டா? கண்மை இடுவதுண்டா? நாட்டு வைத்திய மருந்துகள்? பிற நாட்டு உலோகப் பாத்திரங்கள்? எங்களுக்கு உள்ளூரச் சினம். நம் சமையலறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று. ஆனால் அடுத்த கணமே இருவருக்கும் ஈயச்சொம்பு நினைவு வந்தது. அம்மா ரசம் வைக்கக் கொடுத்தனுப்பியது. அது வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு. தமிழில் இரண்டையும் ஈயம் என்ற ஒரே சொல்லால் குறிக்கப் பழகிவிட்டோம். சொம்புதான், சொம்பேதான் என்று மனத்துக்குள் தீர்ப்பே எழுதிவிட்டோம். பழியைச் சுமக்க அது எவ்வளவு வசதியாக இருந்தது!

செவிலியர் கடைசிக் கேள்வியைப் படித்தார்: வீட்டில் யாருக்காவது தூண்டில் எடை வார்ப்பது, வண்ணக் கண்ணாடி வேலை, குண்டு வார்ப்பது போன்ற பொழுதுபோக்கு உண்டா?

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சோதனையாளர் வந்து, எக்ஸ் கதிர்க் கருவியைச் சுவரிலும் சன்னலிலும் பாத்திரங்களிலும் வைத்துப் பார்த்தார். சொம்பில் காரீயம் இல்லை. சன்னல் சட்டங்களின் அடியடுக்கில் இருந்தது, ஆனால் மேற்சாயம் உதிராமல் இருந்தது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்த இடங்களில் கொட்டகைத் தரை மிக மோசம். அடுத்தது சமையலறைக்குள் நுழையும் கதவடியில் கிடந்த மிதியடி. எங்கள் மகள் காலணிகளை அடுக்கி விளையாடும் இடம் அதுவே.

பூச்சு குண்டின்மேல்தான் இருந்தது; எங்கள் செருப்பின்மேல் இல்லை. அந்தப் பதத்தில் உருகிய காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. ஆனால் வழித்த கசடு தூளாய் உதிரும். பூசுமுன் வெறுங்குண்டைக் கையால் பொறுக்கினோம். சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்தபோது ப்ரைமரின் காரீயச் சேர்மம் தூசியாய்ப் பறந்தது. இதையெல்லாம் துடைப்பத்தால் பெருக்கி வேறு கிளப்பிவிட்டோம். எங்களில் ஒருவரின் தந்தை மதுரையில் அச்சுக்கோப்பவராக இருந்தவர். அவர் வீடு திரும்பியதும் புளியிட்டுக் கை தேய்க்காமல் பாட்டி சோறு போட்டதில்லை. அந்தக் கதையைப் பெரியவரின் கொட்டகையில் நின்று நாங்களே ஆங்கிலத்தில் சுவைபடச் சொல்லியிருக்கிறோம்.

அதன்பின் சில வாரங்கள் எங்கள் வீட்டில் 'நாங்கள்' என்ற சொல் புழக்கத்தில் இல்லை. 'நீ' மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. ஒருவர் உருக்கினார் என்பது உண்மை. மற்றவர் அழகாயிருக்கிறது என்று கையில் வாங்கி, அதே கையால் குழந்தைக்குப் பழம் நறுக்கினார் என்பதும் உண்மை. இதைச் சொல்லி முடிக்க இரண்டு மாதங்கள் ஆயின.

தரையைப் பெருக்காமல் ஈரத்தால் மட்டும் துடைத்தோம். மிதியடியை எறிந்தோம். கேழ்வரகுக் கஞ்சியும் கீரையும், சுண்ணாம்புச் சத்துக்கும் இரும்புச் சத்துக்குமாக. இரத்தத்தில் உள்ள காரீயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் இறங்கியது பல்லாண்டு தங்கும். மூன்று மாதங்களில் 4.4. ஆறாம் மாதம் 2.8. மகள் இப்போது ஓயாமல் பேசுகிறாள். ஒரு சொல் தடுமாறினாலும் இருவரும் தலைநிமிர்ந்து பார்க்கிறோம்.

கொப்பரை பெரியவரின் கொட்டகைக்குப் போய்விட்டது. பிரியப்படுபவர் அங்கே போய்வருகிறார், தனி உடை, தனிக் காலணியோடு. அடுப்பு மட்டும் நெகிழித் தாள் சுற்றி எங்களிடம் கிடக்கிறது. யாரும் தொடுவதில்லை.

பெரியவரிடம் எண்களைச் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. அச்சகத்திலும் கொட்டகையிலுமாக அரை நூற்றாண்டு; ஒருமுறைகூடத் தமக்குச் சோதித்துப் பார்த்ததில்லை என்றார். அடுத்த வாரம் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். எண்ணை எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுமுறை போனபோது அவர் கொட்டகை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருந்தன. பக்கத்தில் எங்களுக்கென்று ஒன்றும் அவருக்கென்று ஒன்றுமாக இரண்டு துண்டுகள் ஆணியில் தொங்கின.