மும்பை: காலையில் கட்டடங்கள், மதியம் மனிதர்கள்

ஒரே நாளில் மும்பையைச் சுற்றிக் காட்டும் பயணத் திட்டத்தில் இப்போது தாராவிக்கும் இடம் உண்டு. அங்கே போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

காலை எட்டரை மணி. கேட்வே ஆஃப் இந்தியா எதிரே புறாக்களுக்குச் சமமாகப் புகைப்படக்காரர்களும் இருக்கிறார்கள். எலிஃபண்டா தீவுக்குப் போகும் படகுக்கு ஒருவர் கூவிக் கூவி ஆள் சேர்க்கிறார். இந்தச் சந்தடிக்கு நடுவே ஏழு பேர், கையில் தண்ணீர் பாட்டிலுடன், ஓர் இளைஞரைச் சுற்றி நிற்கிறார்கள். கோவையிலிருந்து வந்த தம்பதி, தில்லியில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பெங்களூரில் படிக்கும் நான்கு மாணவர்கள். எல்லோருக்கும் தமிழ் தெரியும். கைடும் தமிழர்தான். தாராவியில் பிறந்தவர். இவருடைய கொள்ளுத் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்.

"1911இல் ஐந்தாம் ஜார்ஜ் ராஜா இங்கே வந்து இறங்கும்போது இந்தக் கட்டடமே இல்லை. அட்டையில் செய்த மாதிரியைத்தான் பார்த்துவிட்டுப் போனார்" என்று ஆரம்பிக்கிறார் கைடு. ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த வளைவு கட்டி முடிந்தது 1924இல். 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு இதன் வழியாகத்தான் நடந்து போய்க் கப்பல் ஏறியது. மன்னர் வருகைக்காக எழுப்பிய வாசல், படை வெளியேறத்தான் பயன்பட்டது. மாணவர்கள் சிரிக்கிறார்கள். கேமராக்கள் ஓய்வதில்லை.

அடுத்தது ரயில் நிலையம். விக்டோரியா டெர்மினஸ் 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆகி, 2017இல் 'மகராஜ்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. ஃபிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் 1878இல் தொடங்கிய கட்டுமானம் முடியச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. 2004இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதற்குப் பக்கத்திலிருந்த போரி பந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16 அன்று தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. தூரம் 34 கி.மீ.

நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் ஒரு சைக்கிள். பின்னால் பெரிய அலுமினியப் பாத்திரம். மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும் இட்லி. அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். குழுவும் சாப்பிடுகிறது. தேங்காய்ச் சட்னி நன்றாக இருக்கிறது என்கிறார் கோவைப் பெண்மணி. "இது எங்கேயிருந்து வருதுன்னு மதியம் காட்டுறேன் மேடம்" என்கிறார் கைடு.

பதினொரு மணிக்கு மஹாலக்ஷ்மி. ரயில் நிலையத்தை ஒட்டிய பாலத்திலிருந்து குனிந்து பார்த்தால் தோபி காட். 1890இல் அமைந்தது. வரிசை வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், தொட்டிக்கொரு துவைகல். ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒரு கொடியில், ஓட்டல் துண்டுகள் இன்னொன்றில். பாலத்தின் மேல் வெளிநாட்டுக்காரர்களும் உள்ளூர்க்காரர்களுமாகக் கூட்டம். முழங்கால் தண்ணீரில் நிற்கும் ஒருவர் நிமிர்ந்து மேலே பார்க்கிறார். தன்னைக் குறிவைக்கும் ஏழெட்டு லென்ஸ்களையும் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறார்.

இங்கிருந்து லோக்கல் ரயில். லோயர் பரேல் வரும்போது கைடு வெளியே கை காட்டுகிறார். கண்ணாடிக் கோபுரங்கள், மால்கள். இது பஞ்சாலைகளின் வட்டாரம். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, நிலம் தங்கமாயிற்று. சில இடங்களில் பழைய புகைபோக்கியை மட்டும் அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். வங்கி அதிகாரி கேட்கிறார்: "வேலை பார்த்தவங்க எங்கே போனாங்க?" பதில் சொல்வதற்குள் தாதர் வந்து, கூட்டம் உள்ளே பாய்கிறது.

மாஹிம் நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் போகும் நடைமேம்பாலத்தில் கைடு எல்லோரையும் நிறுத்துகிறார். "இனிமே கேமராவையும் செல்போனையும் பைக்குள்ளே வெச்சிடுங்க. அது மத்தவங்க வீடு."

தமிழர்கள் தாராவியை 'நாயகன்' (1987), 'காலா' (2018) படங்களில் பார்த்தவர்கள். இரண்டிலும் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். நிஜத் தாராவி சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஆறு லட்சம் என்றும் பத்து லட்சம் என்றும் மதிப்பீடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் இது சதுப்பு நிலமும் கோலி மீனவர்களின் குடியிருப்புமாக இருந்தது. சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் தோல் தொழிலில் இறங்கினார்கள். தோல் பதனிடுவது பெரும்பாலும் வெளியே போய்விட்டது. பையும் பெல்ட்டுமாகத் தைப்பது இன்னும் இங்கே நடக்கிறது.

முதலில் கண்ணில் படுவது பிளாஸ்டிக். நகரம் வீசியெறிந்ததெல்லாம் இங்கே வந்து சேர்கிறது. தரம், நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். இயந்திரத்தில் அரைத்து, கழுவி, கூரை மேல் காயவைத்து, உருக்கிக் குருணையாக்கி விற்கிறார்கள். ஓர் அறையில் இரண்டு பையன்கள் தண்ணீர் பாட்டிலையும் மூடியையும் தனித்தனியாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். மாணவர் ஒருவர் கையிலிருக்கும் தன் பாட்டிலைப் பார்த்துக்கொள்கிறார். காற்றில் தூசி, உருகும் நாற்றம். யாரிடமும் முகக்கவசம் இல்லை. தாராவியின் சுறுசுறுப்பை மெச்சிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தோளை ஒடுக்கிக்கொண்டு நுழைய வேண்டிய சந்து ஒன்றின் முடிவில் இட்லி வீடு. கீழே ஒரே அறை. கிரைண்டர், டிரம்மில் ஊறும் அரிசி, சுவரோரம் அடுக்கிய பாத்திரங்கள். இரும்பு ஏணி ஏறினால் மேலே இன்னொரு அறை. மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் இருப்பது அங்கே. சாயங்காலம் மாவு ஆட்டி, விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஆறு மணிக்குச் சைக்கிள்கள் கிளம்பிவிடும்.

"ஆச்சி, ஊர்க்காரங்க வந்திருக்காங்க" என்கிறார் கைடு.

"வாங்க தாயி. எந்த ஊரு?" என்று கோவைப் பெண்மணியைக் கேட்கிறார் மூதாட்டி. சொந்த வீடா, எத்தனை ரூம், பிள்ளைகள் எத்தனை என்று கேள்விகள் தொடர்கின்றன. காலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர்களை இப்போது ஒருவர் பார்க்கிறார். கடைசியாக, "இதப் பாக்க எவ்வளவு துட்டு குடுத்தீங்க?" அந்த அம்மாள் தொகையைச் சொல்லச் சங்கடப்படுகிறார்.

பிறகு ஆச்சியின் முறை. தாராவியை இடித்துக் கட்டும் யோசனைக்கு 2004 முதல் வயதாகிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் டெண்டரில் முந்தியது. 2023 ஜூலையில் மாநில அரசு அதை உறுதி செய்தது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்கும் மேல்தளத்துக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ.

இப்படியே இருக்கட்டும் என்று ஆச்சி சொல்லவில்லை. நாற்பது வருஷமாகப் பொதுக் கழிப்பறையில் வரிசையில் நின்றவர் அவர். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வேண்டும் என்று முதல் ஆளாகச் சொல்கிறார். "கீழ இருக்கிற எனக்கு வீடு உண்டுங்கான். மேல இருக்கிற எம்மவன் வேற எங்கயோ போணுங்கான். அப்ப மாவ யாரு ஆட்டுவா? பதினஞ்சாவது மாடியில டிரம்ம எங்க வைக்க?" கணக்கெடுக்க வந்தவர்களிடமும் இதையே கேட்டாராம். எழுதிக்கொண்டு போனார்களாம்.

கும்பார்வாடாவிலும் இதே கதைதான். வீட்டு வாசலில் சூளை, சூளையைச் சுற்றிக் காயும் பானைகள். இங்கே வீடு என்பது தூங்கும் இடம் மட்டுமல்ல. பட்டறையும் கடையும் அதுதான். சதுர அடிக் கணக்கில் தூங்கும் இடத்தை அளந்துவிடலாம். சூளையை எந்த மாடியில் மூட்டுவது?

ஐந்து மணிக்கு மறுபடி மாஹிம் மேம்பாலம். திட்டப்படி கடைசி நிகழ்ச்சி மரைன் டிரைவில் சூரிய அஸ்தமனம். கேமராக்கள் இன்னும் பைக்குள்தான் இருக்கின்றன. வங்கி அதிகாரி கைடிடம் கேட்கிறார்: "பத்து வருஷம் கழிச்சு வந்தா இதெல்லாம் இருக்குமா தம்பி?"

"கேட்வே இருக்கும் சார். வி.டி. ஸ்டேஷன் இருக்கும். அதையெல்லாம் இடிக்க விடமாட்டாங்க. பாதுகாக்கச் சட்டம் இருக்கு."

ரயில் வந்துவிட்டது. மாஹிமில் அரை நிமிஷம்கூட நிற்காது. எல்லோரும் அவசர அவசரமாக ஏறிக்கொள்கிறார்கள்.