யாழும் அளவுகோலும்

நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த பின்னரும் தயங்கி நின்றாள். பண்டாரவளைக்கு அணித்தாயுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வருபவள். உயர்தரத்திற் கணிதப் பிரிவைத் தெரிந்தவள். “இனி வயலின் எதற்கு, விற்றால் டியூசனுக்காவது உதவும் என்று அப்பா சொல்கிறார், சேர்” என்றாள். கொழுந்து பறித்த கூலியிற் பிள்ளையைப் படிப்பிக்கும் வீட்டில் அப்பேச்சு எழுவதை நாம் குறைகூற மாட்டோம். விஞ்ஞானம் ஓர் அறை, கலை வேறோர் அறை என்று கதவடைத்த பழி ஆசிரியராகிய நம்மையுமன்றோ சாரும்!

லியனார்டோ டா வின்சி அவ்வாறு கதவடைத்தவரல்லர். ஓவியந் தீட்டினார், உடற்கூறு ஆய்ந்தார், சக்கரம் உராய்ந்து தந்திகள் ஒலிக்கும் இசைக்கருவி ஒன்றையும் வரைந்து வைத்தார். ஏட்டிற் கிடந்த அக்கருவியை 2013இல் போலந்துக் கலைஞர் ஒருவர் செய்து வாசித்துக் காட்டினார். ஆயினும் அத்துணைத் தூரம் போவானேன்? நம் புகையிரதப் பாதையிலேயே, ஹற்றனுக்கும் வட்டவளைக்கும் இடையில், றொசல்லை என்றொரு சிறு நிலையம் உண்டு. விபுலாநந்த அடிகள் யாழ் நூற் பணியில் ஈடுபட்டுத் தங்கியிருந்த ஊர் அது.

1892இல் காரைதீவிற் பிறந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமானார். பழந்தமிழர் யாழோ வழக்கொழிந்து போயிருந்தது. தொட்டுப் பார்க்க ஒன்றேனும் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் சில அடிகளும் பழைய உரைகளுமே துணை. அவற்றோடு பௌதிகத்தையும் கணிதத்தையும் கூட்டி, நரம்பின் நீளத்திலிருந்து சுருதியைக் கணித்து, யாழ்களின் அமைப்பை வகுத்தார். அவர் முடிபுகள் அனைத்தையும் இசையறிஞர் எல்லாரும் ஏற்றனர் என்பதில்லை. ஆராய்ச்சிக்கு அது இழுக்குமன்று. 1947 ஜூனில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. அவர் கணக்கின்படி செய்த யாழ்களும் அங்கே ஒலித்தன. அவ்வாண்டு ஜூலை 19இல் அடிகள் மறைந்தார்.

மாணவியிடம் இவ்வளவும் விரித்துரைத்தோமல்லோம். றொசல்லைக் கதையைச் சுருக்கிச் சொல்லி, ஓர் அளவுகோலைக் கையிற் கொடுத்தோம். நரம்பின் ஒலிக்கும் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறுக்கினால், குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். சட்ஜமத் தந்தியிற் பஞ்சமம் என்று வைத்துக்கொள். உன் வயலினிலே அளந்து பார் என்றோம்.

திங்கட்கிழமை காகிதத்துண்டுடன் வந்தாள். தந்தி 33 சென்ரிமீற்றர். 22 சென்ரிமீற்றர் ஒலிக்குமாறு விரல் வைத்தபோது, பக்கத்துப் பஞ்சமத் தந்தியின் ஒலியே எழுந்ததாம். “இரண்டையும் மாறி மாறி வாசிக்கச் சொல்லி அப்பாவும் கேட்டார், சேர்” என்றாள்.

விற்பதைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.