ஆஸ்பத்திரியில் நண்டு

நாட்டில் இருக்கிற அமைச்சுகள் போதாதென்று கொழும்பு கோட்டையில் நண்டுக்கும் ஓர் அமைச்சு உண்டு. 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' என்ற உணவகம். கிரிக்கெட் புகழ் சங்கக்காரவும் மஹேலவும் அதில் பங்காளிகள். அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோவைத் தாண்டும் நண்டுவரை, எடைக்கு ஏற்ற விலை. பெரிய மனிதர்கள் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ஓட்டை உடைப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். முருங்கையிலை போட்ட எங்கள் வீட்டு நண்டுக்கறிக்கு அது ஈடாகாது என்பது என் பிடிவாதம்.

இடம், பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி. 1681லேயே இருந்த கட்டடம். தடித்த சுவர், கனத்த மர உத்திரம், நடுவே திறந்த முற்றம். 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அடிபட்டு, திருத்தப்பட்டு, 2011இல் கடைத்தெருவானது.

"வைத்தியம் பார்த்த இடத்தை வியாபாரிகளுக்குக் கொடுத்துவிட்டார்களே!" என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். கட்டியது யாராம்? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி! கப்பலில் வந்து காய்ச்சலில் விழுந்த ஆட்களைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கிடத்தி, எழுப்பி, மறுபடி வேலைக்கு அனுப்பத்தான் அந்த ஆஸ்பத்திரி. கறுவா வியாபாரம் நிற்கக்கூடாதல்லவா?

அந்தக் கம்பெனியிடம் 1672 முதல் ஐந்தாறு வருடம் இலங்கையில் சம்பளம் வாங்கிய வைத்தியர் பௌல் ஹெர்மன். எனக்கு அவர்மேல்தான் கண். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, கொழும்பைச் சுற்றிக் கண்ணில் பட்ட செடிகொடிகளை எல்லாம் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டி, உள்ளூர்ப் பெயரையும் எழுதி வைத்தார். கம்பெனிக்குக் கறுவா ஒன்றே போதும். இவருக்கு வேலியோரத்துக் களையும் வேண்டும். பிறகு லைடனில் பேராசிரியராகி 1695இல் காலமானார்.

அவர் சேர்த்தவை ஐந்து தொகுதிகளாக இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான்கில் காய்ந்த இலைகள், ஒன்றில் படங்கள். ஆனால் ஹெர்மன் இறந்தபின் நெடுங்காலம் அவை எங்கே இருந்தன என்று தெரியவில்லை. 1744இல் கோப்பன்ஹேகனில் மருந்து வியாபாரி ஒருவரின் கையில் அகப்பட்டன. என்ன செடியென்று தெரியாமல் அந்த மனிதர் சுவீடனில் இருந்த தாவரவியலாளர் லின்னேயஸிடம் அனுப்பினார். லின்னேயஸ் இலங்கையில் கால் வைத்ததே இல்லை. எழுபது வருடம் பழைய சருகைப் பார்த்து, பூவின் கேசரங்களை எண்ணி, 1747இல் 'ஃப்ளோரா ஸெய்லானிக்கா' என்று இலங்கைத் தாவரங்களுக்கு ஒரு புத்தகமே போட்டுவிட்டார். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல், பூச்சி தின்னாமல், கப்பல் எலிக்கும் தப்பி அந்தச் சருகுகள் அவ்வளவு தூரம் போனதே பெரிய காரியம்.

வேலை முடிந்ததும் லின்னேயஸ் தொகுதிகளை மருந்து வியாபாரிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அவருடைய விஞ்ஞானம் எனக்குப் பாதிதான் விளங்கும். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த மனிதர் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.